கீபோர்டு ரெக்கார்டிங்கில் ஒரு பக்கம் மட்டும் சத்தம்: கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

கீபோர்டைக் கணினியில் இணைத்து ரெக்கார்டு செய்கிறீர்கள். திரும்பப் போட்டுக் கேட்டால் இடது காதில் மட்டும் வாசிப்பு. வலது காது மௌனம். கீபோர்டு பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம். இந்தக் கோளாறு பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: கேபிளின் பின்னில், கணினி அல்லது இன்டர்ஃபேஸின் (கருவியையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் ஒலிப்பெட்டி) இன்புட்டில், இல்லையென்றால் சாஃப்ட்வேரின் டிராக் அமைப்பில். கீபோர்டே கெட்டிருப்பது அபூர்வம்.

ஒலி போகும் திசையிலேயே, கீபோர்டிலிருந்து தொடங்கித் தேடுங்கள். டிராக்கில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போனால் நல்ல செட்டிங்கையும் கெடுத்து வைப்போம்.

1. முதலில் ஹெட்போன்

ரெக்கார்டிங் கேபிளைக் கழற்றிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு ஹெட்போனை நேரடியாகக் கீபோர்டில் செருகுங்கள். பியானோ சத்தத்தில் கீழ் சுரத்திலிருந்து மேல் சுரம்வரை ஒவ்வொன்றாக வாசியுங்கள். பல கீபோர்டுகளில் பியானோவின் கீழ் சுரங்கள் சற்று இடப்புறமும் மேல் சுரங்கள் சற்று வலப்புறமும் சாய்ந்து ஒலிக்கும். அது கோளாறல்ல, பியானோ முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பதுபோல் அமைத்திருக்கிறார்கள். அடுத்து புல்லாங்குழல் போல நடுவில் நிற்கும் ஒரு சத்தத்தை வாசியுங்கள். இரண்டு காதிலும் சமமாகக் கேட்டால் கீபோர்டு குற்றமற்றது.

ஹெட்போனிலேயே ஒரு பக்கம் வரவில்லையென்றால் மூன்றைப் பாருங்கள். பின் முழுதாக உள்ளே போயிருக்கிறதா? பாதி செருகிய ஸ்டீரியோ (இடது, வலது என இரண்டு சானல்) பின், அடுத்த தொடுமுனையில் மாறி உட்கார்ந்து ஒரு பக்கத்தை விழுங்கிவிடும். ஹெட்போன் ஜாக் மட்டுமே உள்ள கீபோர்டுகளில் பின்னைச் செருகியதும் அதன் சொந்த ஸ்பீக்கர் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையென்றால் பின் சரியாக உட்காரவில்லை என்று பொருள். அடுத்தது, அந்தச் சத்தத்தின் ‘பேன்’ (இடம் வலம் சாய்க்கும் அமைப்பு) ஒரு பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறதா? திரையில் ‘மிக்ஸர்’ என்ற பக்கம் உள்ள மாடல்களில் இதைப் பார்க்கலாம். கடைசியாக, பின்னை லேசாக அசைத்தால் சத்தம் வந்துவந்து போகிறதா? அப்படியானால் ஜாக்கின் காலில் சால்டர் விட்டிருக்கும் அல்லது உள்ளே அழுக்கு ஏறியிருக்கும். கான்டாக்ட் கிளீனரைப் பின்மேல் அடித்துப் பத்துமுறை செருகி எடுத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஜாக்கை மறுபடி சால்டர் செய்யவேண்டும். அது மெக்கானிக் வேலை, ஆனால் சின்ன வேலை.

2. பின்னில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள்

இந்தக் கோளாறில் முதல் சந்தேகம் விழவேண்டியது இங்கேதான். கால் இஞ்ச் பின்னையும் (கடையில் ‘பி-38’ என்பார்கள், 6.35 மி.மீ.), அதன் தம்பியான 3.5 மி.மீ. பின்னையும் (‘ஈ.பி. பின்’) கையில் எடுத்து, உலோகத்தின் குறுக்கே ஓடும் வளையங்களை எண்ணுங்கள். அவை பெரும்பாலும் கறுப்பாக இருக்கும்.

ஒரு வளையம் இருந்தால் மோனோ (ஒரே சானல்): நுனியும் உடம்பும் மட்டும். கிடார் கேபிள் இந்த வகை.
இரண்டு வளையம் இருந்தால் ஸ்டீரியோ: நுனி இடது, இரண்டு கறுப்பு வளையங்களுக்கு நடுவே உள்ள உலோகப் பகுதி (இனி ‘வளையம்’ என்பது இதைத்தான்) வலது, உடம்பு கிரவுண்டு.
மூன்று வளையம் இருந்தால் அது மொபைல் ஹெட்செட் பின். நான்காவது முனை மைக்குக்கானது.

கீபோர்டின் ‘போன்ஸ்/அவுட்புட்’ என்று எழுதிய ஒற்றை ஜாக் ஸ்டீரியோ ஜாக். அதில் கிடார் கேபிளைச் செருகினால் என்ன ஆகும்? மோனோ பின்னின் நீண்ட உடம்பு, வலது சானலின் தொடுமுனையையும் கிரவுண்டையும் சேர்த்து இணைத்துவிடும். வலது பக்கம் ஷார்ட் ஆகிறது, இடது மட்டும் கணினிக்குப் போகிறது. ரெக்கார்டிங்கில் பாதி இசை தொலைந்துபோவது இப்படித்தான். ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரின் ஒரு பக்கம் ஷார்ட்டிலேயே ஓடுவதால், வால்யூமைக் கூட்டி இப்படி நெடுநேரம் வைத்திருப்பதும் நல்லதல்ல.

அடாப்டரையும் விட்டுவிடாதீர்கள். கேபிள் அசல் ஸ்டீரியோவாக இருந்தும், ஈ.பி.யை பி-38 ஆக மாற்றும் அந்தச் சின்னத் துண்டு மோனோவாக இருந்தால் கதை அதேதான்.

3. இரண்டு முனையும் ஸ்டீரியோ என்றால் சரியாகிவிடுமா?

ஆகாது. இன்னும் மோசமாகும். இந்தத் தவறில் விழுந்தவர்கள் பலருக்கு விழுந்ததே தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

“மோனோ கேபிள்தானே பிரச்சினை, ஸ்டீரியோ வாங்கிவிடுவோம்” என்று இரண்டு முனையிலும் இரண்டு வளையமுள்ள கேபிளை வாங்கி, கீபோர்டின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து இன்டர்ஃபேஸின் ஒரு இன்புட்டுக்குக் கொடுப்பார்கள். அந்த இன்புட் ஸ்டீரியோ அல்ல, ‘பேலன்ஸ்டு’ மோனோ. அதற்கு நுனியில் வருவது அசல் சிக்னல், வளையத்தில் வருவது அதன் தலைகீழ்ப் பிரதி. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, வழியில் இரண்டிலும் ஒரேபோல் ஒட்டிய இரைச்சலைத் தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. நாம் கொடுப்பதோ இடதும் வலதும். அது வழக்கம்போல் கழிக்கும்: இடது கழித்தல் வலது. இரண்டிலும் சமமாக இருப்பதெல்லாம் காணாமல் போகும்.

ஸ்டைல் (கீபோர்டின் தானியங்கிப் பின்னணி இசை) போட்டு வாசித்தால் உடனே பிடிபடும். பேஸ் கிடார், கிக், ஸ்னேர் மூன்றும் பொதுவாக நடுவில் வைக்கப்பட்டிருக்கும். அவை மெலிந்துவிடும் அல்லது மறைந்துவிடும். ஓரங்களில் விரிந்திருக்கும் ஸ்ட்ரிங்ஸும் ரிவெர்பும் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மிஞ்சும். டிராக்கை நடுவில் வைத்துவிட்டால் இரண்டு காதிலும் கேட்கும். “ஒரு பக்கக் கோளாறு தீர்ந்தது, ஏனோ சத்தம்தான் ஒல்லியாக இருக்கிறது” என்று ஈக்வலைசரோடு மல்லுக்கட்டுவார்கள். எவ்வளவு திருகினாலும் கழிபட்டது திரும்பாது.

4. வேண்டிய கேபிள்

ஒரு முனையில் ஸ்டீரியோ பி-38, மறுமுனையில் இரண்டு மோனோ பி-38. இதை ‘ஒய் கேபிள்’ அல்லது ‘இன்சர்ட் கேபிள்’ என்று கேட்கவேண்டும். பார்ப்பதற்கு இதேபோல் இருக்கும் இன்னொன்றும் கடையில் உண்டு: ஒரு மோனோவை இரண்டு மோனோவாகப் பிரிப்பது. அதில் இரண்டு காலிலும் ஒரே சத்தம்தான் வரும். வளையங்களை எண்ணிவிட்டுக் காசு கொடுங்கள். சில கீபோர்டுகளில் ஹெட்போன் ஜாக் 3.5 மி.மீ.; அவற்றுக்கு ஸ்டீரியோ ஈ.பி. முனை உள்ள ஒய் கேபிள் வாங்கினால் அடாப்டர் தேவைப்படாது.

சால்டர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே செய்யலாம். ஒரு ஸ்டீரியோ பி-38 பின், இரண்டு மோனோ பி-38 பின், தனித்தனி ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் கம்பி உறை) உள்ள இரட்டைக் கேபிள் 2 மீட்டர் போதும். ஸ்டீரியோ பின்னின் நுனிக் காலிலிருந்து வரும் வயர் இடது பின்னின் நுனிக்கு. வளையக் காலிலிருந்து வருவது வலது பின்னின் நுனிக்கு. இரண்டு ஷீல்டும் சேர்ந்து உடம்புக்கு. முடித்ததும் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து மூன்று வழியையும் தொட்டுப் பாருங்கள். நுனி, வளையம், உடம்பு மூன்றில் எந்த இரண்டுக்கும் இடையே பீப் வரக்கூடாது. வந்தால் ஷீல்டின் ஒரு இழை எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் இதற்கான பின், கேபிள் எல்லாம் கிடைக்கும். மூடியை ஒருமுறை திறந்து உள்ளிருக்கும் கால்களைப் பார்த்து வாங்குங்கள்; சால்டரே ஏறாத மலிவுப் பின்கள் நிறைய.

5. பின்பக்கம் இரண்டு ஜாக் இருந்தால்

நம்மூர் மெல்லிசைக் குழுக்களில் அடிக்கடி காணும் ரோலண்ட் எக்ஸ்.பி.எஸ்-10 போன்றவற்றில் ‘எல்/மோனோ’, ‘ஆர்’ என்று இரண்டு தனி ஜாக் இருக்கும். இவற்றுக்கு ஒய் கேபிள் வேண்டாம். இரண்டு சாதாரண மோனோ கேபிள், இரண்டு இன்புட், அவ்வளவுதான்.

ஒரே ஒரு கேபிள்தான் இருக்கிறதென்றால் ‘எல்/மோனோ’வில் மட்டும் செருகுங்கள். ‘ஆர்’ காலியாக இருந்தால் கீபோர்டே இரண்டு பக்கத்தையும் சேர்த்து இதன் வழியாக அனுப்பும். ‘ஆர்’இல் மட்டும் செருகினால் வலது பாதிதான் கிடைக்கும். இன்னொரு கண்ணி: மறுமுனை எங்கும் போகாமல் தொங்கும் கேபிள் ‘ஆர்’இல் செருகியே கிடந்தால், கீபோர்டு ஸ்டீரியோ இணைப்பு என்று நம்பி ‘எல்’இல் இடதை மட்டுமே தரும். அதைப் பிடுங்கிப் போடுங்கள்.

6. கணினியில் எந்த ஓட்டையில் செருகுகிறீர்கள்?

இன்டர்ஃபேஸ் இல்லாமல் நேராக லேப்டாப்பில் செருகுபவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. இப்போதைய லேப்டாப்பில் இருக்கும் ஒற்றை ஜாக், மைக்குக்கு ஒரே ஒரு சானல்தான் ஒதுக்கியிருக்கிறது. இரண்டு வளைய ஈ.பி. பின்னை அதில் செருகினால் கணினி அதை ஹெட்போன் என்று எடுத்துக்கொள்ளும். கீபோர்டு சத்தம் உள்ளேயே போகாது. ஏதோ பதிவாகிறதே என்பீர்கள். ரெக்கார்டிங்கை ஓடவிட்டு லேப்டாப் மூடியை விரலால் தட்டுங்கள். டக் டக் என்று பதிவானால், அறையில் ஒலித்த சத்தத்தை லேப்டாப்பின் சொந்த மைக் பிடித்திருக்கிறது.

டெஸ்க்டாப்பில் நீல ஜாக் ‘லைன் இன்’, அது அசல் ஸ்டீரியோ. இளஞ்சிவப்பு ஜாக் மைக்குக்கானது. சில போர்டுகளில் மோனோ, எல்லாவற்றிலும் மிகையாகப் பெருக்கும். கீபோர்டுக்கு நீலம்தான். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் யு.எஸ்.பி. சவுண்டு டாங்கிள்களின் மைக் ஓட்டையும் பொதுவாக மோனோதான். பெட்டியில் ‘7.1’ என்று அச்சிட்டிருப்பது வெளியே வரும் சத்தத்தைப் பற்றியது, உள்ளே போவதைப் பற்றியதல்ல.

7. இன்டர்ஃபேஸ்: எத்தனை லைன் இன்புட் என்று பாருங்கள்

ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்றவற்றில் இரண்டு லைன் இன்புட் உண்டு. இடது கால் 1-இல், வலது கால் 2-இல். ‘இன்ஸ்ட்’ பொத்தான் இரண்டிலும் அணைந்திருக்கவேண்டும். அது கிடாருக்கானது, ஒன்றில் மட்டும் எரிந்தால் ஒரு பக்கம் அலறும்.

அதே குடும்பத்தின் ‘சோலோ’வில் ஒரு இன்புட் மைக்குக்கு, ஒன்று கிடார் அல்லது லைனுக்கு. லைன் ஒன்றே ஒன்று என்பதால் கீபோர்டை அதில் ஸ்டீரியோவாக எடுக்கமுடியாது. கேபிளை எத்தனை மாற்றினாலும் பலனில்லை. பெரிங்கர் யு.எம்.சி.22-இல் முதலாவது மைக்/லைன், இரண்டாவது கிடார் இன்புட். அதில் ஸ்டீரியோ வரும், ஆனால் இரண்டின் பெருக்கமும் வேறு வேறு. புல்லாங்குழல் சத்தத்தில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்து, இரண்டு மீட்டரும் ஒரே உயரம் வரும்வரை குமிழ்களைத் தனித்தனியாகத் திருப்புங்கள்.

கீபோர்டு மட்டும்தான் எடுக்கப்போகிறீர்கள், பாட்டுக்கு மைக் வேண்டாம் என்றால், பெரிங்கர் யு.சி.ஏ.222 போன்ற சின்னப் பெட்டியே போதும். அதன் இன்புட் இரண்டு ஆர்.சி.ஏ. (டி.வி., டி.வி.டி. பிளேயர்களில் காணும் சிவப்பு வெள்ளை ஜாக்); ஸ்டீரியோ பி-38-இலிருந்து இரண்டு ஆர்.சி.ஏ. கேபிள் போட்டால் வேலை முடிந்தது. அதில் கெயின் (உள்ளே வரும் ஒலியின் பெருக்கம்) குமிழ் கிடையாது, அளவை கீபோர்டின் வால்யூமில்தான் வைக்கவேண்டும். எதில் எடுத்தாலும் கீபோர்டு வால்யூமைப் பாதிக்குச் சற்று மேலே வைத்து, உச்ச இடங்களில் மீட்டர் −12க்கும் −6க்கும் இடையே நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்போன் ஜாக் மட்டுமே உள்ள கீபோர்டை ஒற்றை இன்புட்டில்தான் எடுக்கமுடியும் என்ற நிலையில் இருப்பவர்கள், இடது வலது வயர்களை நேரடியாக முறுக்கி ஒன்றாக்காதீர்கள். இரண்டு ஆம்ப்ளிஃபயரும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். நுனியிலிருந்து ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், வளையத்திலிருந்து இன்னொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, அவற்றின் மறுமுனைகளைச் சேர்த்து மோனோ பின்னின் நுனிக்குக் கொடுங்கள். ஸ்டீரியோ விரிவு போகும், ஆனால் ஒரு சுரமும் தொலையாது.

இன்டர்ஃபேஸில் ஹெட்போன் மாட்டிக் கேட்பவர்கள் ‘டைரக்ட் மானிட்டர்’ (இன்புட்டில் வருவதைக் கணினி வழியாகப் போகாமல் நேரடியாகக் கேட்கவைப்பது) சுவிட்சையும் பாருங்கள். 2ஐ2-இன் 3-ஆம் தலைமுறையில் அதற்கு மோனோ, ஸ்டீரியோ என்று நிலைகள் உண்டு. மோனோவில் இருந்தால் எல்லாம் நடுவில் கேட்கும், ரெக்கார்டிங்கோ வேறு மாதிரி இருக்கும். வாசிக்கும்போது கேட்பதை நம்பாமல் பதிவானதைப் போட்டுக் கேளுங்கள்.

8. இடம் மாற்றும் சோதனை

இதுவரை எல்லாம் சரி, இன்னும் ஒரு பக்கம் வரவில்லையா? இன்டர்ஃபேஸில் இரண்டு கால்களையும் இடம் மாற்றுங்கள்: இடது 2-க்கு, வலது 1-க்கு. ஊமைப் பக்கமும் கூடவே மாறினால் கோளாறு கேபிளில், அல்லது முதல் படியைச் செய்யாமல் வந்திருந்தால் கீபோர்டில். மாறாமல் அதே பக்கம் ஊமையாக இருந்தால் இன்புட்டில் அல்லது கணினியில். இந்த அரை நிமிட வேலைக்குப் பிறகு பாதிச் சந்தேகங்களை அப்படியே தள்ளிவிடலாம்.

9. விண்டோஸ், பிறகு டிராக்

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போய் ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ திறங்கள். ‘ரெக்கார்டிங்’ தாவலில் உங்கள் கருவியின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’. ‘அட்வான்ஸ்டு’ தாவலில் 2 சானல் என்று இருக்கவேண்டும். ‘லெவல்ஸ்’ தாவலில் ‘பேலன்ஸ்’ இருந்தால் இரண்டும் சமமாக வேண்டும். ‘ஆக்சஸிபிலிட்டி’யில் உள்ள ‘மோனோ ஆடியோ’ அணைந்திருக்கட்டும். அது எரிந்தால் ஒரு பக்க ரெக்கார்டிங்கும் உங்களுக்கு இரண்டு காதிலும் கேட்கும், அனுப்பிய பிறகு வாங்கியவர்தான் கண்டுபிடிப்பார்.

சாஃப்ட்வேரில் விதி ஒன்றுதான்: இரண்டு வயர் வந்தால் ஸ்டீரியோ டிராக், ஒரு வயர் வந்தால் மோனோ டிராக். ஒரே வயரை இன்புட் 1-இல் கொடுத்து ஸ்டீரியோ டிராக்கில் எடுத்தால், இன்புட் 2 காலி என்பதால் வலது பக்கம் காலியாகவே பதிவாகும். மைக்கில் பாடுபவர்களுக்கு வரும் ஒரு பக்கக் கோளாறும் பெரும்பாலும் இதுவே.

ஆடாசிட்டியில் ‘ஆடியோ செட்டப்’ பொத்தானில் ‘ரெக்கார்டிங் சேனல்ஸ்’ என்பதை 2 ஆக வையுங்கள். ரீப்பரில் டிராக்கின் இன்புட் பட்டியலில் ‘ஸ்டீரியோ’வுக்குள் போய் 1/2. க்யூபேஸில் எஃப்4 அழுத்தி ‘இன்புட்ஸ்’ பகுதியில் ஸ்டீரியோ பஸ்ஸின் இடதுக்கு 1, வலதுக்கு 2 வந்திருக்கிறதா என்று பாருங்கள். எஃப்.எல். ஸ்டூடியோவில் மிக்ஸர் டிராக்கின் இன்புட் பட்டியலில் ஸ்டீரியோ ஜோடிகளும் மோனோக்களும் தனித்தனியாக இருக்கும், ஜோடியை எடுங்கள். நேரலைக்கு ஓ.பி.எஸ். வைத்திருப்பவர்கள், ஒற்றை வயர் என்றால் ‘அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ்’இல் அந்த வரிசையின் ‘மோனோ’வை டிக் செய்தால் போதும். இரண்டு மோனோ டிராக்காக எடுப்பதும் சரிதான். ஒன்றை முழு இடதுக்கும் மற்றதை முழு வலதுக்கும் பேன் செய்ய மறக்காதீர்கள்.

10. யு.எஸ்.பி. வழி

யமஹா பி.எஸ்.ஆர்-ஐ500, பி.எஸ்.ஆர்-இ373 போன்ற மாடல்கள் யு.எஸ்.பி. கேபிள் வழியாகவே ஸ்டீரியோ ஒலியைக் கணினிக்குத் தரும். விண்டோஸில் யமஹாவின் டிரைவரைப் போட்டுவிட்டால் மேலே சொன்ன பின் பஞ்சாயத்து எதுவும் கிடையாது. ஆனால் யு.எஸ்.பி. ஓட்டை இருக்கும் எல்லாக் கீபோர்டும் இப்படியல்ல. பலவற்றில் அது மிடி மட்டும்தான்: எந்தக் கட்டையை எப்போது அழுத்தினீர்கள் என்ற தகவல் போகும், சத்தம் போகாது.

11. ஏற்கெனவே எடுத்துவிட்ட ரெக்கார்டிங்கைக் காப்பாற்ற

ஒரு பக்கம் முழுதாகக் காலி என்றால், ஆடாசிட்டியில் டிராக் மெனுவைத் திறந்து ‘ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ’ கொடுங்கள். காலி டிராக்கை நீக்குங்கள். மிஞ்சிய மோனோ நடுவில் ஒலிக்கும். ‘மிக்ஸ் ஸ்டீரியோ டவுன் டு மோனோ’வும் நடுவுக்குக் கொண்டுவரும், ஆனால் காலிப் பக்கத்தோடு சேர்த்துச் சராசரி எடுப்பதால் அளவு 6 டெசிபல் குறையும். ஒரு பக்கத்தை நகலெடுத்துச் சில மில்லி விநாடி தள்ளிவைத்து ஸ்டீரியோ போலக் காட்டும் தந்திரத்தைப் பலர் சொல்வார்கள். ஹெட்போனில் அகலமாகத்தான் இருக்கும். ஒற்றை ஸ்பீக்கர் போனில் போட்டால் இரண்டும் மோதிச் சத்தம் தகரமாகிவிடும். நேர்மையான மோனோவே மேல்.

பதிவானது உண்மையில் ஸ்டீரியோதானா என்ற சந்தேகம் இருந்தால், டிராக்கை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றை மட்டும் தேர்ந்து ‘இன்வெர்ட்’ கொடுத்து, இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். முழு அமைதி என்றால் இரண்டு பக்கமும் ஒரே பிரதி, அதாவது மோனோ. ஏதாவது கேட்டால், அந்த வித்தியாசம்தான் உங்கள் ஸ்டீரியோ.

மூன்றாம் படியில் சொன்ன கிணற்றுச் சத்தம் பதிவாகியிருந்தால் காப்பாற்ற வழியில்லை. அந்த வாசிப்பு கீபோர்டின் சாங் மெமரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒய் கேபிளைப் போட்டு அதை ஓடவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மறுபடி வாசிக்கத்தான் வேண்டும்.